எந்தக் கப்பலில் வந்த புள்ளி?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷ வைத்தியத்தில் நான் செய்த மகா மட்டமான காரியம் கத்தியால் செய்ததல்ல, ஊசியால் செய்ததும் அல்ல. வாயால் செய்தது. ஒரு வேடிக்கைப் பேச்சு, மூன்றே சொல். சொல்லி முடித்ததும் முதலில் சிரித்தவனும் நானே என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவாவது தேறுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தேறிய ஒன்றிரண்டும், கிளறிப் பார்த்தால், எங்கள் கம்பவுண்டர் செய்தவையாக இருந்தன. மீதி இருப்பது என் முட்டாள்தனம். அதற்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

நான் எல்.எம்.பி. உங்களில் பலர் அந்த மூன்று எழுத்தைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டீர்கள். எம்.பி.பி.எஸ். காரர்களைவிடக் கொஞ்சம் குறைவாகப் படித்து, அவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் நோயாளிகள்மேல் அவிழ்த்துவிடப்பட்ட ஜாதி. முழுக் காபி குடிக்கிறவன் அரைக் காபி குடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்ப்பார்கள். நான் கால் காபி என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற வழியில், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர்களுக்குமாக ஒரு சின்ன மருந்தகம். அதில் நான், நாசரேத் பக்கத்துக் கம்பவுண்டர் ஒருவர், ஒரு தராசு, ஜாடி ஜாடியாகக் கலவை மருந்து. அறை ஒன்றுதான். நடுவில் ஆள் உயரம்கூட இல்லாத மரத்தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் நோயாளியும், அந்தப் பக்கம் பெஞ்சில் காத்திருக்கும் கூட்டம். இங்கே ஒருவர் தும்மினால் அங்கிருந்து 'நூறு' என்று குரல் வரும். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு மனுஷனின் அந்தரங்கத்தை எப்படிக் காப்பது என்று டாக்டருக்குக் கவலை வரவேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு அது நாடக மேடை. பெஞ்சு என் ரசிகர்கள்.

அந்த மேடையில் எனக்கு ஒரு நிரந்தர வசனம் இருந்தது. யாராவது சட்டையைத் தூக்கிப் படையோ புண்ணோ காட்டினால், "எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்று கேட்பேன். பெஞ்சு குலுங்கும். கப்பல் கரைக்கு வந்தால் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சில சந்துகளில் நடமாட்டம் கூடும். அங்கே போய்வருகிறவர்களுக்கு மேகநோய் வரும். அவர்கள் உடம்பில் புள்ளி புள்ளியாக எழும்பும். இது எல்லாருக்கும் தெரியும், ஆகையால் வசனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூட்டைக்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே சொறி சிரங்கைக் காட்ட வருகிறார்களோ என்றுகூட எனக்கு ஒரு கர்வம்.

அப்படி ஒரு காலையில் வந்தான் சவரிமுத்து. விஞ்சு ஓட்டுகிறவன், இருபத்தாறு இருபத்தேழு வயது, நல்ல உயரம். முகம் நிறையத் தாடி வைத்திருந்தான். தாடியைப் பார்த்து, யாரோ ஒரு பெண் இவனைக் கைவிட்டுவிட்டாள் என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். என் முதல் நோய்க்கணிப்பே இப்படித்தான் இருந்தது.

சட்டையைக் கழற்றினான். நெஞ்சு, முதுகு, புஜம் எல்லாம் புள்ளி. காய்ந்த மணலில் முதல் தூறல் விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி. சின்னது பாசிப்பயறு அளவு, பெரியது மொச்சைக்கொட்டை அளவு. உங்கள் புத்தகத்துப் படங்களில் இந்தப் புள்ளிகள் ரோஜாச் சிவப்பாக இருக்கும். அது வெள்ளைக்கார உடம்பு. நம்மூர்க் கறுத்த உடம்பில் நாவற்பழக் கறை மாதிரி இருக்கும், மேலே சாம்பல் தூவியது போல மெல்லிய செதிள். படத்தை நம்பிச் சிவப்பைத் தேடினால் சாயங்காலம் வரை தேடவேண்டியதுதான்.

நான் எதையும் தேடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இதற்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்கவில்லை. பெஞ்சு நிறைந்திருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் வசனத்தைச் சொன்னேன்.

பெஞ்சு சிரித்தது, வழக்கத்தைவிட அதிகமாக. ஏன் அதிகம் என்று எனக்குப் புரியவில்லை. சவரிமுத்து சிரிக்கவில்லை. கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக, கழுத்து வரை போட்டான்.

அத்தோடு நிறுத்தினேனா? மேகநோய்தானா என்று பார்க்க ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒருவேளை படர்தாமரையாக இருந்தால் அதுவும் கேட்கட்டும் என்று கோவாப்பொடிக் களிம்பு ஒரு டப்பா கொடுத்து, காலையும் மாலையும் அழுத்தித் தேய் என்றேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற புத்திசாலித்தனம். மாமரமே அங்கே இல்லை என்பதுதான் குறை. கோவாப்பொடியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மஞ்சளாக ஒரு பொடி. பழைய படர்தாமரையைத் தோலோடு எரித்து எடுக்கும். பட்ட இடமெல்லாம் கத்திரிப்பூவும் காவியும் கலந்த ஒரு கறை படியும், சட்டையில் பட்டால் சட்டையின் ஆயுசு வரைக்கும் போகாது.

அவன் போன பிறகு கம்பவுண்டர் மருந்து அரைத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "அவன் தொண்டையப் பாத்தியளா, சார்?"

தோலுக்கு வந்தவனுக்குத் தொண்டை எதற்கு என்று நான் அவரையும் ஒரு கிண்டல் செய்தேன். அவர் அரைப்பதைத் தொடர்ந்தார்.

நாலாம் நாள் ஒரு பெண் வந்தாள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சில் உட்காராமல், வரிசையைக் கேட்காமல், நேரே தட்டியைத் தாண்டி என் மேஜைக்கு வந்து ஒரு சட்டையை விரித்துப் போட்டாள். வெள்ளைச் சட்டையாக இருந்தது ஒரு காலத்தில். இப்போது முழுக்க என் களிம்பின் கறை.

"இன்னா டாக்டரே, எம் புருசன் எந்தக் கப்பல்ல போனாருன்னு கேட்டியாமே. நீயும் கூட வந்திருந்தியா?"

பெஞ்சு சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவைக்கிறேன், அது வேறு மாதிரிச் சிரிப்பு.

அவள் பேர் ரோசம்மா. சவரிமுத்துவின் மனைவி. அவள் சொன்னதையும், பின்னால் கம்பவுண்டர் பொறுமையாக விளக்கியதையும் சேர்த்துச் சொன்னால் சங்கதி இதுதான். அவர்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று பாஸ்கு நாடகம் போடுவார்கள், சேசுநாதர் பாடுபட்டுச் சிலுவையில் மரித்த கதை. அந்த வருஷம் சேசு வேஷம் சவரிமுத்துவுக்கு. தாடி அதற்காக. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலிருந்து கவிச்சி கிடையாது, கள் கிடையாது, வீட்டில் தனிப் பாய். சேசு வேஷம் கட்டுகிறவன் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. அப்படிப்பட்டவனைப் பார்த்து, அவனோடு நாடகத்தில் நடிக்கிற பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் எந்தக் கப்பல் என்று கேட்டிருக்கிறேன். அன்று சிரிப்பு ஏன் அதிகம் என்பது இப்போது விளங்கிற்று.

போதாக்குறைக்கு, பெஞ்சிலிருந்தவர்களில் யூதாஸ் வேஷக்காரரும் ஒருவர். துறைமுகத்தில் மேஸ்திரி. நாடகத்தில் யூதாஸ் வந்து சேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்த ஆள் முத்தம் கொடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து, சேசு சீஷர்களின் காலைக் கழுவிவிடும் காட்சிக்கு மற்றச் சீஷர்கள் பதினொரு பேரும் கால் தரமாட்டோம் என்றார்கள்.

"குருத்து ஞாயித்துக் கெயம கோயில்ல வேசக்காரங்க பேரு படிப்பாங்க," என்றாள் ரோசம்மா. "அதுல அவரு பேரு இல்லேன்னா, நீ கேட்டது மெய்னு ஆயிடும். அப்பால நானு எந்த மூஞ்சிய வச்சுகினு மார்க்கெட்ல கூடை எறக்கறது? உன் களிம்பு வேற. எரியுது எரியுதுன்னு மொறத்தால விசிறிகினு கீறேன்."

குருத்து ஞாயிறு என்பது பெரிய வெள்ளிக்கு முந்திய ஞாயிறு. அதற்குப் பத்து நாள் இருந்தது.

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். பெஞ்சு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நாளைக்கு அவனை அழைத்துக்கொண்டு வா, நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். நல்ல முடிவுதான். ஆனால் அறிவினால் எடுத்த முடிவல்ல. அந்தக் கூடையைக் கண்டு பயந்து எடுத்தது.

மறுநாள் நாங்கள் மூவரும் டிராமில் போனோம். சவரிமுத்துவின் உடம்பு அதற்குள் மோசமாகியிருந்தது. களிம்பு பட்ட புள்ளிகள் எல்லாம் கோபித்துக்கொண்டு வீங்கியிருந்தன. சுற்றிலும் கறை வேறு. சேசுநாதரைச் சிறுத்தைப்புலி ஆக்கிய பெருமை எனக்கு மட்டும்தான் உண்டு.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லப்போவதில்லை. மெலிந்த ஆள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசுவது என்று அளந்து வைத்திருந்தவர் போல இருப்பார். நான் என் எல்.எம்.பி. முதுகை முடிந்தவரை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சவரிமுத்துவின் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை.

"வாயைத் திற," என்றார்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். வெறுமையாக இருந்தன. உள்ளங்காலும் அப்படியே. அக்குள், தொடையிடுக்கு, கழுத்து தடவிப் பார்த்தார். கடைசியில்தான் சட்டை. நான் களிம்பு தேய்க்க விட்டுப்போன ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து, கண்ணாடித் துண்டின் விளிம்பால் லேசாகச் சுரண்டினார். மெழுகுவர்த்தியைச் சுரண்டினால் வருகிற மாதிரி வெள்ளையாகச் செதிள் வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். ஊசிமுனை போலப் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தது.

"தொண்டை எப்போ வலித்தது?" என்று கேட்டார். வலித்ததா என்று கேட்கவில்லை.

சவரிமுத்து சொன்னான். புள்ளி எழும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்தி. சிலுவையில் தொங்கிக்கொண்டு பேசுகிற வசனத்தைக் காசிமேட்டுக் கரையில் கடலைப் பார்த்துக் கத்திப் பழகினானாம், அலையைத் தாண்டிக் குரல் போகிறதா என்று பார்க்க. கத்தினதால்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவன் நினைப்பு. நாலு நாள் எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சலும் அடித்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பி, அப்போது உங்களிடம் வரவில்லையா என்றார். வரவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

"வந்தேனே," என்றான் சவரிமுத்து. "கம்பவுண்டர் அண்ணாத்ததான் தொண்டைக்கி மருந்து தடவுச்சு. நீ வியாசர்பாடிக்கு பந்து பாக்க போய்க்கினன்னு சொன்னாரு."

ரோசம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் நோயாளிப் பதிவேட்டிலேயே, கம்பவுண்டரின் கோணல் எழுத்தில், அவன் பேரும் தொண்டை வலியும் இருந்தது. திரும்பி வந்து பார்த்தேன். இரண்டே பக்கம் புரட்டினால் விடை. நான் புரட்டாமல் ரத்தம் எடுத்தேன், தோலை எரித்தேன், ஒரு மனுஷனின் மானத்தை வாங்கினேன். எல்லாம் முடிந்த பிறகு புரட்டினேன்.

பெரியவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவரே சுருக்கமாகத்தான் சொன்னார். இது சொரியாசிஸில் துளி வகை. தொண்டையில் கிருமி வந்து போனபின் சிலருக்கு, பெரும்பாலும் இளவயதில், இப்படித் தூறல் மாதிரி எழும்பும். ஒட்டுவாரொட்டி இல்லை. ரத்தச் சோதனை முடிவு வரட்டும், ஆனால் இது மேகநோய் மாதிரித் தெரியவில்லை. பெரும்பாலும் சில வாரத்தில், மிஞ்சினால் சில மாதத்தில் தானாக அடங்கும். சிலருக்குத் தங்கிவிடும், சிலருக்குத் தொண்டை கெடும்போது திரும்பவும் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடு. தொண்டையில் இன்னும் சீழ்ப்பொட்டு இருக்கிறது, பெனிசிலின் போடு. அது தொண்டைக்கு. புள்ளிக்குப் போட்டதாகப் பிறகு பீற்றிக்கொள்ளாதே. புள்ளிக்குத் தேங்காயெண்ணெய், காலை வெயில், பொறுமை. ஆர்சனிக் மருந்து கொடுக்காதே. தேய்க்காதே, சுரண்டாதே. உராய்கிற இடத்தில் புதிதாக எழும்பும்.

கடைசியாகச் சவரிமுத்துவின் முதுகைக் காட்டி, இந்த எரிகிற வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நான் உண்மையைச் சொன்னதற்காக ஆட்டினார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கும் இந்த இடம் வரும். நோய் தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. சில வாரத்தில் அடங்கும் என்கிறார் பெரியவர். குருத்து ஞாயிறுக்கு ஒன்பது நாள். அதற்குள் புள்ளியைப் போக்கக்கூடிய மருந்து என்னிடம் இல்லை, லண்டனிலும் இல்லை. கடுமையான களிம்பு ஏதாவது போட்டு அழித்துவிடலாமா என்று ஒரு ராத்திரி கை பரபரத்தது. புள்ளி இருந்த இடத்தில் புண் இருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும். வைத்தியத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை. அதற்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

ஊசியை நான் போட்டேன். மீதி வைத்தியம் ரோசம்மாவுடையது. தினம் காலையில் அவனுக்கு எண்ணெய் தடவி, கரையேற்றி வைத்த கட்டுமரத்தின்மேல் உட்காரவைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்புவாளாம், கருவாடு திருப்புகிற மாதிரி. இன்றைக்கு நீங்கள் இதையே மின்விளக்குப் பெட்டிக்குள் நிற்கவைத்துச் செய்கிறீர்கள். எங்களுக்குக் கடற்கரை வெயில் போதுமானதாக இருந்தது, கரண்டு கட்டும் கிடையாது.

நடுவில் ரத்தச் சோதனை முடிவு வந்தது. மேகநோய் இல்லை. எனக்கு ஒரே குஷி. சீட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் போய்ப் படித்துக்காட்டப் புறப்பட்டேன். கம்பவுண்டர் தட்டியருகில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அவர் என்னை மறித்தது அந்த ஒரு தடவைதான்.

"சீட்டக் காட்டாதிய, சார். காட்டுனா, 'அப்பம் டாக்டருக்கே சந்தேகம் இருந்திருக்கு'ன்னுதாம் பேசுவாவ. வாயால போட்ட முடிச்ச வாயாலதாம் அவுக்கணும்."

அது நோயாளியின் சீட்டு, அவனைக் கேட்காமல் காட்ட எனக்கு என்ன உரிமை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருந்தது. சீட்டைச் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். அவன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், யாருக்கும் காட்டவில்லை. பிறகு அவனிடம் கேட்டேன்: உங்கள் ஒத்திகைக்கு வந்து நாலு வார்த்தை பேசலாமா? உன் உடம்பைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும், சம்மதமா? கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லாப் பேசு என்றான்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள் சாயங்காலம், கோயில் காம்பவுண்டில் ஒத்திகை. பங்குச் சாமியார் நாற்காலியில் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். சீஷர்கள், சேவகர்கள், யூதர்கள் எல்லாரும் துறைமுகத்திலிருந்து அப்படியே வந்து, அழுக்குச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். சவரிமுத்து ஒரு ஓரமாக, யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றான். அத்தனை பேரும் என் பெஞ்சு. ஆனால் நடுவில் தட்டி இல்லை.

நான் பேசினேன். சவரிமுத்துவுக்கு வந்தது தொண்டை நோவின் பின்விளைவு, தொட்டால் ஒட்டாது, கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். இதெல்லாம் பார்க்காமல், பார்க்கத் தெரியாமல், உங்களைச் சிரிக்கவைக்கிற ஆசையில் ஒரு நல்ல மனுஷனைப் பற்றி நான் கேவலமாகப் பேசினேன், அன்று அந்த அறையில் வியாதி இருந்தது என் வாயில்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்காகச் சொன்னதும் இல்லை. சாமியார் தலையசைத்தார்.

யூதாஸ் மேஸ்திரி அசையவில்லை. அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள்.

"எனக்கு வூட்ல கைக்கொயந்த கீது, சாமி," என்றார் சாமியாரிடம். "நானு இங்க முத்தம் குட்த்துட்டு அங்க போயி கொயந்தயத் தூக்குவேன். டாக்டரு அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு, இன்னிக்கு ஒண்ணு சொல்றாரு. எத்த நம்பறது?"

நியாயமான கேள்வி. என் பேர்ப்பலகையில் எல்.எம்.பி. என்று எழுதியிருந்ததே தவிர நம்பலாம் என்று எழுதியிருக்கவில்லை. என்ன செய்தால் நம்புவீர்கள் என்று கேட்டேன்.

"மெய்யாலுமே ஒட்டாதுன்னா, நீ மொதல்ல குடு, டாக்டரே. நானு பாக்கறேன்."

கட்டிய மனைவி கையைக்கூட நாலு பேர் எதிரில் தொட்டறியாத குடும்பம் என்னுடையது. என்ன செய்ய. காம்பவுண்டைக் குறுக்கே கடந்து போனேன். சவரிமுத்து என்னைவிட ஒரு சாண் உயரம். அவன் குனியவில்லை. நான்தான் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தாடிக்கு மேலே கன்னத்தில் முத்தமிட்டேன். தேங்காயெண்ணெய் வாசனை. எங்கோ ஒரு சேவகன் ஆரம்பித்தான், காம்பவுண்டு முழுக்கச் சிரிப்பு. சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். இந்தத் தடவை சவரிமுத்துவும் சிரித்தான். கதவு ஓரத்தில் கூடையோடு நின்ற ரோசம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் முத்தத்தைக் கொடுத்தார். சீஷர்கள் காலை நீட்டினார்கள். மறுநாள் பூசையில் பேர்ப் பட்டியல் படித்தபோது, சேசு வேஷம் சவரிமுத்து என்றுதான் படித்தார்களாம். அதைச் சொல்வதற்கென்றே ரோசம்மா திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வந்து, சொல்லிவிட்டு, ஒரு காலா மீனையும் வைத்துவிட்டுப் போனாள். நான் சைவம். கம்பவுண்டர் எடுத்துக்கொண்டார். அதற்கும் அவர்தான் உரியவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். உராய்கிற இடத்தில் புதிதாக எழும்பும் என்று பெரியவர் சொல்லியிருந்தார் அல்லவா. சிலுவையில் கட்டுகிற தேங்காய்நார்க் கயிற்றை எடுத்துவிட்டுப் பழைய வேட்டியைத் திரித்துக் கட்டச் சொன்னேன். சாட்டையால் அடிக்கிற சேவகர்கள் தரையை அடிக்கவேண்டும் என்றேன். சேவகர்களுக்கு வருத்தம். வருஷம் பூராவும் இதற்காகத்தானே காத்திருக்கிறோம் என்றார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை நானும் போனேன். புள்ளிகள் கொஞ்சம் தட்டையாகி இருந்தன, போகவில்லை. மேலே ஏதாவது துணி போர்த்திக்கொள்ளேன் என்று சாமியார் கேட்டதற்குச் சவரிமுத்து ஒப்பவில்லையாம். அங்கியை உரித்துச் சிலுவையில் ஏற்றினார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் நெஞ்சு முழுக்கப் புள்ளி, என் களிம்புக் கறையோடு. என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். ஒருத்தி மற்றவளிடம், இந்த வருஷம்தான் காயத்தை மெய்யான காயம் மாதிரியே போட்டிருக்கிறார்கள் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் புள்ளிகள் அடங்கிவிட்டன. அவை இருந்த இடத்தில் வெளிறிய தடம், பிறகு அதுவும் இல்லை. யார் குணப்படுத்தினார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. வெயிலா, எண்ணெயா, நாளா. நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதற்கப்புறம் தொண்டை லேசாகக் கரகரத்தாலும் சவரிமுத்து மறுநாளே வந்து நிற்பான். நான் பந்து பார்க்கப் போவதாக இருந்தால் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினேன். பெஞ்சை வாசலுக்கு வெளியே பூவரசு நிழலுக்கு மாற்றினோம். தட்டியை உத்தரம் வரை உயர்த்தினோம். என் நாடக மேடை போயிற்று. ரசிகர்கள் என்னை மறந்து வெளியே சீட்டாடத் தொடங்கினார்கள்.

அடுத்த வருஷம் விபூதிப் புதன் கழிந்து சில நாளில், விஞ்சில் விரல் நசுங்கி வந்தான் சவரிமுத்து. மறுபடி தாடி. கட்டுப் போட்டுக்கொண்டே, தட்டிக்கு வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: எனக்கும் இந்த வருஷம் நாடகத்தில் ஏதாவது ஒரு வேஷம் கொடுக்கச் சொல்லேன், சேவகன் ஆனாலும் சரி, கூட்டத்தில் கத்துகிறவன் ஆனாலும் சரி.

அவன் கட்டுப்போட்ட விரலை ஊதிக்கொண்டு, மறுகையால் தாடிக்கு மேலே கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

"உன் வேசத்தத்தான் போன வருசமே ஆடிட்டியே, டாக்டரே."